செடி தேடிப் போனவர் வீட்டில்

வெளிநாடு போய் வந்தவர்கள் வீட்டுக்குப் போனால் கோட்டை, பாலம், பனி என்று செல்போனைத் தள்ளித் தள்ளிக் காட்டுவார்கள். நாங்கள் ஸ்காட்லாந்து போய்விட்டு வந்து மணவாள நகரில் அக்கம்பக்கத்தாருக்குக் காட்டியது, செத்துப்போன ஒரு மனுஷனின் வீட்டை. அதுவும் வெளிப்பக்கம் மட்டும்தான், உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இதுக்கா சார் அவ்ளோ தூரம் போனீங்கோ? நம்ம கலெக்டர் ஆபீஸு இத்த வுட பெர்சா கீதே" என்றார். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் அவருக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

நாங்கள் போனது மகளைப் பார்க்க. எங்களுக்கு ஒரே பெண். திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறி, சென்னைக்குப் போய்த் தாவரவியல் படித்தவள். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் ஒதுங்க, இவள் மட்டும் தண்டவாள ஓரத்துச் செடிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வீடு திரும்புவாள். கடம்பத்தூரில் இருக்கும் என் அண்ணன், "செடியப் படிச்சு இன்னா பண்ணப் போறா? எங்கூட்டு வெண்டக்காய்க்கு மருந்தடிக்க ஆள் இல்ல, அனுப்பி வையி" என்று கிண்டல் செய்வார். அவள் கண்டுகொள்ளவில்லை. உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஸ்காட்லாந்துக்கு ஆராய்ச்சி செய்யப் போனாள். அவள் படிப்பு முடிகிற சமயத்தில் எனக்கும் கும்மிடிப்பூண்டி வேலை முடிந்தது. செம்புக் கம்பி இழுக்கிற கம்பெனி. பெரியபாளையம் வழியாகப் போகும் கம்பெனி பஸ்ஸில் தூங்கியே என் பாதி ஆயுசு கழிந்தது. ரிட்டயர் ஆனதும் விசாவுக்கு எழுதிப் போட்டோம்.

என் மனைவி ஆரம்பாக்கம் பக்கத்துப் பெண். அங்கிருந்து ஆந்திரா கூப்பிடு தூரம். அவர்கள் வீட்டில் அப்பாவை நைனா என்பார்கள், அதனால் என் மகளுக்கும் நான் நைனா. மனைவி பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் மூச்சு விடுவதற்கு இடம் தேட வேண்டும். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தாள். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நாங்கள் விமானம் ஏறினோம்.

மகள் சனி ஞாயிறுகளில் ஒரு பழைய வீட்டில் வேலை பார்த்து வந்தாள். அந்தக் காலத்தில் உலகம் சுற்றிச் செடிகள் சேகரித்த ஒரு தாவரவியலாளரின் வீடு. இப்போது அதை நினைவு இல்லமாக வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அந்த வீட்டை நடத்துகிறவர்கள், அவர் நடந்த வழியிலேயே தென் அமெரிக்க மலைகளுக்கு ஒரு குழுவை அனுப்பப் போகிறார்கள். அவர் அன்று பார்த்த செடிகள் இன்றும் அங்கே இருக்கின்றனவா என்று தேடிப் பார்க்க வேண்டும். இரண்டு வருஷ வேலை. பாதி இடங்களில் போன் எடுக்காது. மகளுக்கு அந்தக் குழுவோடு போக ஆசை. ஆசை என்பது சின்ன வார்த்தை. போனில் அதைச் சொல்லும்போது அவள் குரலே வேறாக இருந்தது. "இன்னும் முடிவாகல நைனா. அம்மா இன்னா சொல்றாங்க?" என்று கேட்டாள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. 'சரி'யும் வரவில்லை, 'வேணாம்'மும் வரவில்லை. "சாப்ட்டியா? அங்க குளுரா?" என்று பேச்சை மாற்றிவிடுவாள். போனை வைத்ததும் என் பக்கம் திரும்புவாள். "ஒத்தப் பொண்ண எந்த மலையிலயோ வுட்டுட்டு நான் இங்க சீரியல் பாத்துக்கினு குந்திக்கினு இருக்கணுமா? அவளுக்கு ஒண்ணுன்னா யாரு வந்து தகவல் சொல்லுவான்?" என்பாள். கேள்வி என்னிடம்தான், ஆனால் பதில் எதிர்பார்த்துக் கேட்டதில்லை. பெட்டியில் சாம்பார் பொடியை அடுக்கினாள். செல்போனில் மாப்பிள்ளைப் பையன்களின் போட்டோக்களை அடுக்கினாள். எப்படியாவது பேசிக் கூட்டிவந்துவிடுவது என்பது திட்டம்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவன் என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன். மேலே சொன்னதைக் கீழே சொல்வேன், கீழே சொன்னதை மேலே சொல்வேன், சொந்தமாக ஒன்றும் சொல்ல மாட்டேன். மகள் கேட்டால், "உங்கம்மாகிட்ட பேசும்மா." மனைவி கேட்டால், "அவகிட்ட நீயே பேசு." இரண்டு பக்கமும் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

ஸ்காட்லாந்து போய் இறங்கியும் நிலவரம் மாறவில்லை. மகளின் வீடு ஒரே அறை, அதில் மூன்று பேர், ஆனாலும் அந்த விஷயம் மட்டும் அந்த அறைக்குள் வராமல் வெளியிலேயே நின்றது. மனைவி தன் வருத்தத்தை எல்லாம் சமையலில் இறக்கிவைத்தாள். முக்கியமாக ரசத்தில். அங்கே கடையில் காய்ந்த கறிவேப்பிலைதான் பாக்கெட்டில் கிடைத்தது. பச்சை இலை எதுவும் கொண்டுவரக் கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று மகள் முன்னமே சொல்லியிருந்தாள். "இது கருவேப்பிலையா, பீடித்தூளா? இத்தப் போட்டு ரசம் வெச்சா நாய்கூட மோந்து பாக்காது" என்று தினமும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் தாளிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள், "நான் வேல பாக்கற ஊட்ட வந்து பாரும்மா" என்றாள். பார்த்தால் அம்மா மனசு இளகும் என்ற கணக்கு அவள் முகத்திலேயே தெரிந்தது. மனைவிக்கும் தெரிந்திருக்கும். "சரி, வர்றேன். எலுமிச்சஞ் சாதம் கட்டிக்கலாம்" என்றாள். சாதமும் தண்ணீர் பாட்டிலும் உபரி ஸ்வெட்டர்களும் ஒரு பையில் ஏறின. பை என் தோளில் ஏறியது.

பஸ்ஸில் மகள் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி பேசினாள். "அங்க எதையும் தொடாதம்மா. கண்ணாடி வீடு ஒண்ணு கீது, அதுக்குள்ள வெச்சிருக்கற செடிய எல்லாம் பொத்திப் பொத்தி வளக்கறாங்க. ஒரு எலகூட வெளிய போகக் கூடாது. பூச்சி பரவிடும்னு பயம். போன வருஷம் எங்கூட வேல பாத்த பையன் ஒரு வெதையப் பாக்கெட்ல போட்டுக்கினு வந்துட்டான். அன்னிக்கே வேலய வுட்டு அனுப்பிட்டாங்க."

"நான் இன்னா பச்சக் கொழந்தையா?" என்றாள் மனைவி.

"நைனா, நீயும்தான்."

"நான் இன்னாம்மா பண்ணேன்?" என்றேன். நான் அப்போது வரை ஒன்றும் பண்ணவில்லை என்பது உண்மை.

வீடு கருங்கல் வீடு. மாடி உண்டு, மேலே சரிவான கூரை, முன்னால் சரளைக்கல் பாதை. "நம்ம ரயில்வே குவார்ட்டர்ஸ் மாதிரி கீது" என்றாள் மனைவி. வாசலில் கறுப்புக் கோட்டும் நெஞ்சில் பேட்ஜும் அணிந்த ஒரு பெரியவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே தரைவிரிப்பைப் பார்த்ததும் மனைவி படியிலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள். அவள் கழற்றினால் நானும் கழற்ற வேண்டும். பெரியவர் பதறி மகளிடம் என்னவோ கேட்டார். மகள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். அவர் குனிந்து எங்கள் ஷூக்களைச் சுவரோரம் ஒழுங்காக வைத்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

வீட்டின் பொறுப்பாளர் அம்மாளும் எங்களைப் பார்க்க வந்தார். என் மனைவி வயதுதான் இருக்கும். நரைத்த கிராப், பேன்ட்டின் முழங்காலில் மண். மலைக்குப் போகிற குழுவை அமைப்பது இவர்தான் என்று மகள் எங்கள் காதில் சொன்னாள். மனைவி உடனே சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்து ஒரு வணக்கம் வைத்தாள். அந்த அம்மாளும் கை கூப்பினார். உங்கள் மகள் மாதிரி கவனமாக வேலை செய்கிறவர்கள் குறைவு என்றார். மகள் அதை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டாள். நான்தான் மனைவிக்குச் சொன்னேன்.

முதல் அறை அந்த மனுஷர் எழுதிய அறை. மேஜை, பூதக்கண்ணாடி, தேய்ந்த பூட்ஸ். சுவரில் மூடி போட்ட ஒரு நீளத் தகரப் பெட்டி தோல்வாரில் தொங்கியது. பறித்த செடி வாடாமல் இருக்க அதற்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாராம். "தூக்குச்சட்டிக்குப் பதிலா இது" என்றாள் மனைவி. என் கண் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. மரத் தரை, மரப் படி, எங்கே பார்த்தாலும் காகிதம், தீயணைப்புக் கருவியோ திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தது. அது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும், இவர்களிடம் சொல் என்றேன். "நைனா, சும்மா வா" என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

சுவர் முழுக்க அவர் படங்கள்தான். படகில் ஒன்று, கோவேறு கழுதையோடு ஒன்று, கூடாரத்துக்கு வெளியே தாடியோடு ஒன்று. மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். சுவர் முடிந்ததும் திரும்பி, "இவன் அம்மா போட்டோ எங்க?" என்று கேட்டாள்.

"அம்மா போட்டோவா?"

"பெத்தவ ஒருத்தி இருந்திருப்பா இல்ல. அவ போட்டோ எங்க?"

மகள் போய்ப் பொறுப்பாளரைக் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படி ஒரு படம் கிடைக்கவில்லை, இதுவரை யாரும் கேட்டதும் இல்லை என்றார். "நெனச்சேன்" என்றாள் மனைவி. மகள் அவசரமாக எங்களை மாடிப்படிப் பக்கம் திருப்பினாள். கணக்கு தப்பிக்கொண்டிருப்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

மாடியில் குழந்தைகள் அறை. கதவு நிலையில் பென்சில் கோடுகள், கோட்டுக்குக் கோடு உயரம் ஏறிக்கொண்டே போயின. அவர் ஊரில் இல்லாதபோது பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று காட்ட, அவருடைய மனைவி போட்டுவைத்த கோடுகளாம். மனைவி தொடவில்லை. விரலைக் கோட்டுக்கு நேராகக் காற்றில் வைத்து, கீழிருந்து மேலே ஒரு தடவை போனாள்.

"திரும்பி வந்தானா அவன்?"

"எல்லா தடவையும் வந்தாரும்மா. கெழவராகி, இந்த ஊட்லதான் கண்ண மூடுனாரு."

"ம்" என்றாள் மனைவி. அவளுடைய 'ம்'களில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. அது சம்மதமும் இல்லை, சண்டையும் இல்லை. அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

கடைசி அறைதான் மகள் வேலை பார்க்கும் இடம். உயரமான மர அலமாரிகள், அதில் தட்டையான இழுப்பறைகள். ஒன்றை இழுத்து, உள்ளேயிருந்து ஒரு பெரிய தாளை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தாள். தாளில் ஒரு காய்ந்த செடி, வேரோடு, பூவோடு. பூவில் இன்னும் லேசாக ஊதா ஒட்டியிருந்தது. இதை எந்த மலையில் எடுத்தார், ஏன் எடுத்தார், அதற்குப் பிறகு இதை யாருமே திரும்பப் பார்க்கவில்லை என்று மகள் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் தமிழ் ஆங்கிலமாகிவிட்டது, அது அவளுக்கே தெரியவில்லை. மனைவிக்குப் பாதி புரிந்திருக்காது. அவள் செடியைப் பார்க்கவே இல்லை, மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்ல ஒரு டம்ளரு ஒழுங்கா எடுத்து வெச்சிருப்பாளா இவ?" என்று என் காதோரம் சொன்னாள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. நாங்கள் வளர்த்த பெண்தான், ஆனால் இந்தக் கைகளை இதுவரை நாங்கள் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது. இவள் எங்களிடம் திரும்பி வரப்போவதில்லையோ என்று பயமாகவும் இருந்தது.

பிறகு கண்ணாடி வீடு. தோட்டத்தின் மூலையில், கூரையும் சுவரும் கண்ணாடி. கதவைத் திறந்து உள்ளே போனதும் முகத்தில் அடித்தது கும்மிடிப்பூண்டி மே மாதம். அந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல்முறையாக எங்களுக்கு வியர்த்தது. மனைவி ஸ்வெட்டரைக் கழற்றி என் தோள்பையில் திணித்துவிட்டு, ஊருக்கு வந்துவிட்டவள் போல நடந்தாள். "வாழ. இஞ்சி. இது மெளகுக் கொடி" என்று ஒவ்வொன்றாக நலம் விசாரித்துக்கொண்டே போனாள். திருப்பத்தில் ஒரு பெரிய தொட்டி. அதில் இடுப்பு உயரத்துக்குக் கறிவேப்பிலை, தளதளவென்று. முன்னால் லத்தீனில் பெயர் எழுதிய பலகை.

மகள் பொறுப்பாளரோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் அவ்வளவு சூட்டை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில்தான் என் மனைவி ஒரு கொத்தைக் கிள்ளி, என் தோளில் இருந்த பைக்குள் ஸ்வெட்டருக்கு மேலே வைத்தாள். எனக்குத் தெரியாது, பிறகு அவளே சொன்னதுதான்.

திருட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். எங்கள் தெருவில் முனை வீட்டுக்காரர் காம்பவுண்டுக்குள் ஒரு கறிவேப்பிலை மரம் உண்டு. தெருவே அதில்தான் தாளிக்கிறது. எட்டிக் கிள்ளிக்கொண்டு போவதுதான் வழக்கம். யாராவது கேட்டுவிட்டுப் பறித்தால், "இத்தயெல்லாமா கேப்பாங்க? எங்கள இன்னான்னு நெனச்சீங்கோ?" என்று முனை வீட்டம்மாவுக்குக் கோபம் வரும். காய்காரர்கூட ஒரு கைப்பிடி சும்மா போட்டுத்தான் பையை மூடுவார். மகள் பஸ்ஸில் சொன்னது எல்லாம் என் மனைவிக்கு நினைவில் இருந்தது. அது அரிய செடிகளுக்கான சட்டம், கறிவேப்பிலைக்கு ஏது சட்டம் என்பது அவள் எண்ணம். அன்று ராத்திரியாவது மகளுக்கு ஒழுங்காக ஒரு ரசம் வைத்துப்போட வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியே வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த வீட்டில் யாரும் யாருடைய பையையும் சோதிப்பதில்லை. பொறுப்பாளர் வழியனுப்ப வாசல்வரை வந்தார். நாங்கள் ஷூவை மாட்டிக்கொண்டோம். கதவருகே கறுப்புக் கோட்டுப் பெரியவர் பேட்ஜோடு நின்றிருந்தார்.

செம்புக் கம்பி கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். செம்பு விலை உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஷிப்ட் முடிந்தால் கேட்டில் வரிசையில் நின்று, பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவையும் திறந்து காட்டி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். செக்யூரிட்டி தடவிப் பார்த்துத் தலையசைத்தால்தான் வெளியே வரலாம். சூப்பர்வைசர் ஆனபிறகும் அதேதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரிட்டயர் ஆன நாள்வரை அப்படித்தான் வெளியே வந்திருக்கிறேன். ஒரு கட்டிடத்தை விட்டு வெளியேறும்போது வாசலில் பேட்ஜ் போட்ட ஆள் நின்றால், என் மூளையைக் கேட்காமலே என் கை வேலை செய்துவிடும்.

பையின் ஜிப்பை முழுசாகத் திறந்து, பெரியவருக்கு முன்னால் மேஜையில் வைத்து, இரண்டு கையையும் தூக்கினேன்.

பெரியவர் மிரண்டுபோய்த் தன் கையையும் தூக்கினார். இரண்டு பேரும் அப்படியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மகளுக்குச் சிரிப்பு வந்தது. பொறுப்பாளருக்கும் வந்தது. அதற்குள் பையிலிருந்து வாசனை எழுந்தது. மூடிய பையின் சூட்டில் கசங்கிய கறிவேப்பிலை எப்படி மணக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் பையைப் பார்த்தோம். ஸ்வெட்டருக்கு மேலே, பச்சையாக, ஒரு கொத்து.

மகளின் சிரிப்பு நின்றுவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. பொறுப்பாளர் கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் முகத்திலும் இப்போது சிரிப்பு இல்லை. இது கண்ணாடி வீட்டிலிருந்து வந்ததா என்று மகளைப் பார்த்துக் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் இன்னும் கையை இறக்கவில்லை. விதையைப் பாக்கெட்டில் போட்ட அந்தப் பையனின் ஞாபகம்தான் எனக்கு வந்தது.

பிறகு எனக்கு இன்னொன்றும் தோன்றியது, வெட்கத்தோடு சொல்கிறேன். நாங்கள் எதற்காகக் கடல் தாண்டி வந்தோமோ அது இப்போது தானாகவே நடக்கப் போகிறது. மனைவி சும்மா நின்றாலே போதும். மகளை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், மலை என்ற பேச்சும் முடிந்துவிடும், மூன்று பேருமாக ஊருக்கு விமானம் ஏறலாம்.

மனைவி முன்னால் வந்தாள். என்னைத் தள்ளிக்கொண்டு, பொறுப்பாளருக்கு நேர் எதிரில் போய் நின்றாள். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது என்பதையெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

"நாந்தாம்மா கிள்ளனேன். இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. பஸ்ஸிலயே சொல்லிக்கினு வந்தா, நாந்தான் கேக்கல. ரசத்துக்குக் கிள்ளனேன். எங்க ஊர்ல இதுக்கெல்லாம் கேக்கற வழக்கம் கெடையாது. என்ன இன்னா வேணாலும் சொல்லுங்க." மூச்சு வாங்கினாள். "ஆனா இதுக்காக எம்பொண்ண நிறுத்திடாதீங்க. அவ எப்டி வேல பாக்கறான்னு இன்னிக்குத்தான் பாத்தேன். அவள அனுப்புங்க. ரெண்டு வருஷமானாலும் பரவால்ல, போன் வரலன்னாலும் பரவால்ல. எம்பொண்ண அந்த மலைக்கு அனுப்பி வைங்க." மகள் பக்கம் திரும்பினாள். "சொல்லுடி. நான் சொன்னத அப்டியே சொல்லு."

மகள் சொல்ல ஆரம்பித்தாள். பறித்தது அம்மா, எனக்குத் தெரியாது, ஒரு சூப்புக்காகப் பறித்தார், எங்கள் ஊரில் கேட்டுப் பறிக்கும் வழக்கம் இல்லை. அதுவரைக்கும் சரளமாக வந்தது. அதற்குப் பிறகு வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. இன்னொரு முறை முயன்றாள். கையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எத்தனையோ மாதமாகத் தன் அம்மா வாயிலிருந்து கேட்கக் காத்திருந்த வார்த்தையை, இன்னொருவருக்குச் சொல்லச் சொன்னால் அவள் எப்படிச் சொல்வாள்.

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். உங்கள் மனைவி மிச்சம் என்ன சொன்னார் என்று கேட்டார்.

நான் கையை இறக்கினேன். இந்தத் தடவை நழுவ வழி இல்லை. எனக்குத் தெரிந்த கம்பெனி இங்கிலீஷில், "எங்கள் மகளை அனுப்பி வையுங்கள் என்கிறாள்" என்றேன். கொஞ்சம் விட்டு, "நானும் அதையே கேட்கிறேன்" என்றேன்.

அந்த அம்மாள் குழம்பிப்போனார். கொத்தை எடுத்து ஒருமுறை முகர்ந்தார், மேஜைமேலேயே வைத்தார். இது வெளியே போக முடியாது, அது சட்டம், வருத்தப்பட வேண்டாம், விருந்தாளிகள் தெரியாமல் செய்ததற்கு யாரையும் நாங்கள் தண்டிப்பதில்லை என்றார். பிறகு மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். உங்கள் மகளை நாங்கள் எப்போதோ தேர்ந்தெடுத்துவிட்டோம். வருகிறேன் என்று அவள்தான் இன்னும் சொல்லவில்லை. அம்மா வந்து போகட்டும், அதற்குப் பிறகு சொல்கிறேன் என்று எங்களைக் காக்க வைத்திருக்கிறாள்.

இன்னும் முடிவாகவில்லை என்று போனில் அவள் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். முடிவாகாமல் இருந்தது எந்தப் பக்கம் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. அம்மா வேண்டாம் என்றால் போக வேண்டாம் என்று இவள் இருந்திருக்கிறாள்.

"இன்னா சொல்றாங்க அந்தம்மா?" என்றாள் மனைவி.

நான் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

மனைவி மகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கிட்டே போய், முகத்தை மூடியிருந்த கைகளை இரண்டு கையாலும் பிடித்து எடுத்தாள். சேலைத் தலைப்பால் அவள் கண்ணை, மூக்கை, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல அழுத்தித் துடைத்தாள். தோளைப் பிடித்துப் பொறுப்பாளர் பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கிற? அவங்க கேட்டு எவ்ளோ நாளாவுது. பதில் சொல்லு."